எட்டு மணி புல்லட்டினுக்குப் பின்னால் இருக்கும் ஊகங்கள்

செய்திச் சேனலில் வேலை பார்த்த யாருக்கும் இந்த வாக்கியம் தெரிந்திருக்கும்: "மக்கள் இதைத்தான் பார்க்கிறாங்க சார்." காலைக் கூட்டத்தில் பேச்சு சூடாகும்போது யாராவது இதைச் சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். எதிர்த்துப் பேசினால், மக்களுக்கு எதிராகவே பேசுவது போல ஆகிவிடும் இல்லையா?

நான் அவுட்புட் மேசையில், அதாவது திரைக்குப் போகும் செய்திகளைத் தொகுக்கும் இடத்தில், பல வருடங்கள் இருந்துவிட்டு நிகழ்ச்சித் திட்டமிடல் பக்கம் மாறியவன். எந்த நேரத்தில் எந்தச் செய்தித் தொகுப்பு, எத்தனை நிமிடம், எது முதலில், இடைவேளை எங்கே, மறுஒளிபரப்பு எப்போது என்று முடிவாகும் இடம் அது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், எல்லாமே எண்களை வைத்து எடுக்கும் முடிவுகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எண்களுக்கு ஒரு பங்கு உண்டு. மீதியெல்லாம் எப்போதோ யாரோ சொன்ன ஊகங்கள். சொன்னவர் வேறு சேனலுக்குப் போய்ப் பல காலம் ஆகியிருக்கும், அவர் சொன்னது மட்டும் இங்கேயே உட்கார்ந்திருக்கும்.

அவற்றை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். வெளிநாட்டுச் செய்தி ஓடாது. வானிலையைக் கடைசியில் வைத்தால்தான் ஆள் நிற்பார்கள். ஒரு செய்தி ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் கை ரிமோட்டுக்குப் போய்விடும். ஒன்பது மணிக்கு விவாதம் இல்லாமல் முடியாது. மதியம் பார்ப்பவர்களுக்கு அரசியல் வேண்டாம். இளைஞர்கள் செய்தியே பார்ப்பதில்லை. இப்படிப் பக்கம் பக்கமாக வந்தது. எழுதி வைத்ததிலேயே ஒரு பயன் இருந்தது. கூட்டத்தில் சொல்லும்போது அனுபவம் மாதிரி ஒலிக்கும் ஒன்று, தாளில் தனியாக நிற்கும்போது "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க வைக்கிறது.

வெளிநாட்டுச் செய்தியை முதலில் எடுத்துக்கொண்டேன். அதுதான் எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட ஊகம். ஆதாரம் கேட்டால் உடனே எண் வந்தது: உலகச் செய்தித் தொகுப்புக்குப் பார்வையாளர்களே இல்லை. சரி, அது எத்தனை மணிக்குப் போகிறது? இரவு பதினொன்றரைக்கு. அந்த நேரத்தில் நாங்கள் எதைப் போட்டாலும் எண் அப்படித்தான் இருந்தது. ஓடாது என்று நினைத்ததால் அந்த நேரத்தைக் கொடுத்தார்கள். அந்த நேரத்தைக் கொடுத்ததால் ஓடவில்லை. ஓடாததால் ஆளும் குறைந்தது. செய்தி நிறுவனங்கள் அனுப்பும் காட்சிகளின் மேல் மேசையிலிருந்து ஒருவர் குரல் கொடுப்பதோடு சரி. கடைசியில் அது உண்மையிலேயே பார்க்கத் தகுதியில்லாத தொகுப்பாகிவிட்டது. ஊகம் தனக்கான ஆதாரத்தைத் தானே தயாரித்துக்கொண்டது.

இந்த வகையை முதலில் கண்டுபிடிப்பது நல்லது, ஏனென்றால் எண்களைக் காட்டி இதை உடைக்க முடியாது. எண்களெல்லாம் ஊகத்தின் பக்கம்தான் நிற்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதற்கு எப்போதாவது நல்ல நேரம், நல்ல ஆள், முன்னறிவிப்பு புரோமோ மூன்றும் ஒன்றாகக் கிடைத்திருக்கிறதா? கிடைத்ததில்லை என்றால், 'ஓடாது' என்பது இன்னும் யாரும் சோதித்துப் பார்க்காத விஷயம், அவ்வளவுதான்.

நாங்கள் அதைத் தனித் தொகுப்பாக வைக்காமல், எட்டு மணி புல்லட்டினுக்குள் ஏழாவது நிமிட வாக்கில் மூன்று நிமிடம் கொடுத்துப் பார்த்தோம். 'உலகம்' என்ற தலைப்பு அட்டையைத் தூக்கிவிட்டோம். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் குடும்பம், எரிபொருள் விலை, அங்கே படிக்கும் மாணவர்கள் என்று ஏதாவது ஒரு கயிறு இங்கே கட்டியிருக்கும் செய்தியாக எடுத்தோம். நிமிடத்துக்கு நிமிடம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் நிமிடவாரி வரைபடத்தில் அந்த இடத்தில் பள்ளம் எதுவும் விழவில்லை. ஏறவும் இல்லை. கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர், "ஏறலையே, அப்புறம் எதுக்கு?" என்றார். ஊகம் சொன்னது 'விழும்' என்று. விழவில்லை. அதுவே பதில். ஆனால் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள வைக்க, சோதனைக்கு ஆன நேரத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

இங்கே எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எண்ணை எப்படிப் படிக்கிறோம் என்பதிலேயே பாதி ஊகம் ஒளிந்திருக்கிறது.

டிஆர்பி என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதன் அடிப்படை ஒரு நிமிடத்தின் சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கை. அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றைப் பத்து லட்சம் பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் பார்த்தால், சராசரி ஒரு லட்சம். இன்னொரு நிகழ்ச்சியை ஒரு லட்சம் பேர் மட்டும் முழு முப்பது நிமிடமும் பார்த்தால், அதுவும் ஒரு லட்சம். அறிக்கையில் இரண்டும் ஒரே எண்ணாக வரும். முதலாவதில் கடந்துபோகும் கூட்டம், இரண்டாவதில் உட்கார்ந்து பார்க்கும் ஆட்கள். இரண்டையும் வளர்க்கும் வழி வேறு வேறு. கூட்டத்துக்கு வரும் அறிக்கையில் சராசரி மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். நான் கற்றதில் மிகவும் பயன்பட்ட பழக்கம் இதுதான்.

அடுத்தது மாதிரியின் அளவு. ஒரு சந்தையில் ஆயிரம் வீடுகளில், எந்தச் சேனல் ஓடுகிறது என்று பதிவு செய்யும் மீட்டர் இருக்கிறது, அதில் இருபது வீடுகள் நம் புல்லட்டினைப் பார்த்தன, அதாவது 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மக்களின் விருப்பம் கொஞ்சமும் மாறாவிட்டாலும், வெறும் தற்செயலால் அந்த இருபது அடுத்த வாரம் 11 ஆகலாம், 29 ஆகலாம். இது சாதாரணப் புள்ளியியல் கணக்கு. ஆனால் வியாழக்கிழமை அந்த வாரத்தின் எண் வந்து, இருபது இருபத்து மூன்றாகியிருந்தால் கேக் வெட்டுவார்கள். பதினேழாகியிருந்தால் ஒரு தொகுப்பாளரின் நேரம் மாறும். செய்திச் சேனல்களுக்கு இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் பொழுதுபோக்குச் சேனல்களோடு ஒப்பிட்டால் செய்தி பார்க்கும் கூட்டம் சிறியது. மொத்த மாதிரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மொழி, வயது, நேரம் என்று நறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் கையில் நிற்பது சில வீடுகள்.

போதாக்குறைக்கு லேண்டிங் பேஜ். செட்டாப் பாக்ஸைப் போட்டவுடன் முதலில் வந்து நிற்கும் சேனல் எது என்பது கேபிள் நிறுவனத்தோடு செய்துகொள்ளும் வியாபார ஒப்பந்தம். அந்த இடத்தை வாங்கினால் எண் ஏறலாம். யாரும் நம்மைத் தேடி வந்ததாக அர்த்தமில்லை. பெட்டியைப் போட்டார்கள், நாம் அங்கே இருந்தோம், அவ்வளவே. அதனால் ஓர் ஏற்றத்தைப் பார்த்து "புது செட் வொர்க் அவுட் ஆகிடுச்சு" என்று சொல்வதற்கு முன், டிஸ்ட்ரிபியூஷன் ஆட்களிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம். எத்தனையோ வெற்றிக் கதைகள் அந்த ஒரு போனில் கரைந்துபோகும்.

இனி ஒன்பது மணி விவாதம். என் நோட்டில் அதிகப் பக்கங்களைத் தின்றது இதுதான்.

விவாதத்தைப் பற்றிய ஊகம் ஒன்றல்ல, மூன்று. மக்கள் சண்டையைப் பார்க்க வருகிறார்கள். சண்டை இருந்தால் நிற்கிறார்கள். சண்டை இல்லாவிட்டால் பக்கத்துச் சேனலுக்குப் போகிறார்கள். மூன்றையும் பிரித்து நிமிடவாரி வரைபடத்தில் வைத்துப் பார்த்தோம். வருகிறார்கள் என்பது உண்மை, ஆனால் வரும் நேரம் ஒன்பது மணியோடு ஒட்டியிருந்தது, தலைப்போடு ஒட்டியிருக்கவில்லை. மற்ற சேனல்களில் நிகழ்ச்சி முடியும்போதும் இடைவேளை வரும்போதும் எங்களுக்கு வரத்து இருந்தது. தலைப்பு சாதுவாக இருந்த நாட்களிலும் அப்படித்தான். குரல் உயர்ந்த இடங்களில் கூட்டம் கொஞ்சம் ஏறியது, அதே வேகத்தில் இறங்கியும் போனது. நின்றவர்கள் யார் என்று பார்த்தால், ஆரம்பத்திலிருந்தே இருக்கும் ஒரு சிறு கூட்டம். அவர்கள் கத்தலுக்கும் அசையவில்லை, அமைதிக்கும் அசையவில்லை.

இதை வைத்து, விவாதத்தின் முதல் இருபது நிமிடத்தை வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் மாற்றலாம் என்று கேட்டேன். களத்திலிருந்து இரண்டு விரிவான செய்திகள், அப்புறம் அந்தத் துறை தெரிந்த ஒருவரோடு சின்ன உரையாடல். புரோமோ வழக்கமான அளவு. தொகுப்பாளர் அதே ஆள். பல வாரங்கள் ஓடியது. வரத்து ஏறத்தாழ அப்படியே இருந்தது, நின்ற நேரம் சற்றுக் கூடியது, சராசரி பெரிதாக மாறவில்லை. களச் செய்தியைக் காட்டினால் மக்கள் அலை அலையாக வருவார்கள் என்று நம்பிய என் நண்பர்களுக்கு இது ஏமாற்றம். விவாதம் இல்லாவிட்டால் ஓடிவிடுவார்கள் என்றவர்களுக்கும் இது ஏமாற்றம்தான். வந்தவர்களில் பெரும்பகுதி ஒன்பது மணிக்கு வந்தவர்கள்.

அப்படியென்றால் தினமும் அதையே செய்யலாமே? முடியாது. அந்த உண்மை அதற்குப் பிறகுதான் மேசைக்கு வந்தது. விவாதத்துக்கு ஒரு ஸ்டுடியோ, ஒரு நெறியாளர், வீடியோ அழைப்பில் நான்கு பேர் போதும், ஒரு மணி நேரம் நிரம்பிவிடும். பல சேனல்களில் விருந்தினர்களுக்குக் காசு கொடுப்பதுகூட இல்லை. நான்கு நிமிடக் களச் செய்திக்கோ ஒரு நிருபர், ஒரு கேமராமேன், வண்டி, ஒரு முழுப் பகல், எடிட்டிங், சில சமயம் சட்டப் பிரிவின் பார்வை எல்லாம் வேண்டும். அதுவும் மாலைக்குள் கைக்கு வராமலே போகலாம். விவாதம் கைவிட்டதாக எந்த இரவும் எனக்கு நினைவில்லை.

நிர்வாகம் செலவைப் பார்ப்பதில் எனக்கு வருத்தமில்லை. சம்பளம் வர வேண்டுமே. வருத்தம் எதில் என்றால், செலவுக் காரணத்தை நேயர் மேல் ஏற்றிச் சொல்வதில். "எங்களுக்கு வாரத்துக்கு இத்தனை களச் செய்திக்குத்தான் ஆள் இருக்கிறது" என்றால் அதைச் சரி செய்ய வழி தேடலாம். நாங்கள் கடைசியில் வாரம் இரண்டு நாள் என்று ஒத்துக்கொண்டதும் அந்த ஒளிவுமறைவில்லாத கணக்கு மேசைக்கு வந்த பிறகுதான். "மக்கள் விவாதத்தைத்தான் விரும்புகிறார்கள்" என்று சொல்லிவிட்டால் தேடவே ஒன்றுமில்லை. அதனால் எந்த ஊகம் வந்தாலும் அதன் சொந்தக்காரர் யார் என்று பார்க்கப் பழகுங்கள். நேயரைப் பற்றிய ஊகமா, விற்பனைப் பிரிவின் தேவையா, ஆள் பற்றாக்குறையா, உரிமையாளரின் விருப்பமா, வெறும் பழக்கமா? ஐந்துக்கும் மருந்து வேறு. கணிசமானவை நேயர் பெயரில் வரும், நேயருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இருக்காது.

இதற்குப் பெரிய அளவில் ஒரு சாட்சி உண்டு. இந்தியாவில் 2020 அக்டோபரில், எண்களைத் திரிப்பதாகப் புகார்கள் எழுந்தபோது, டிவி பார்வையாளர்களைக் கணக்கிடும் பார்க் (BARC) அமைப்பு தனித்தனிச் செய்திச் சேனல்களின் வாராந்திர எண்களை வெளியிடுவதை நிறுத்தியது. மாநிலம், மொழி வாரியாகச் செய்திப் பிரிவின் மொத்தக் கணக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. 2022 மார்ச்சில்தான் மறுபடியும் சேனல்வாரி எண்கள் வந்தன, அதுவும் நான்கு வாரச் சராசரியாக. இடைப்பட்ட சுமார் பதினேழு மாதம் எந்தச் செய்திச் சேனலுக்கும் தன் வாராந்திர எண் இல்லை. "டிஆர்பி அழுத்தம்தான் எங்களைக் கத்த வைக்கிறது" என்பது உண்மையாக இருந்திருந்தால், அந்தக் காலத்தில் திரை கொஞ்சமாவது மாறியிருக்க வேண்டும். அதே ஒன்பது மணி, விருந்தினர் முகங்களோடு அதே எட்டுப் பெட்டி, அதே நெருப்புக் கிராபிக்ஸ். பெரும்பாலான திரைகளில் நான் பார்த்தவரை ஒன்றும் மாறவில்லை. விளம்பரதாரர்கள் பழைய எண்களை வைத்துப் பேரம் பேசினார்கள், எண்கள் திரும்பி வரும் என்று எல்லாருக்கும் தெரியும் என்றெல்லாம் விளக்கம் சொல்லலாம். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனாலும் தராசைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் கடைக்காரர் அதே எடையைச் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் தராசைப் பார்த்துச் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

பக்கத்துச் சேனலைப் பார்ப்பது இன்னொரு விஷயம். எல்லா நியூஸ்ரூமிலும் ஒரு சுவர் முழுக்க டிவிகள் ஓடும். "அவங்க போட்டுட்டாங்க, நம்மகிட்ட இல்லையா?" என்ற குரல் வரும். போட்டியாளருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்பது இதில் இருக்கும் ஊகம். அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த நண்பரிடம் கேட்டால், அவர்கள் எங்கள் திரையைப் பார்த்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிரேக்கிங் சிவப்புப் பட்டையைச் சோதிக்க எனக்கு அனுமதியே கிடைக்கவில்லை. ஒரு நாள்கூட. எந்த ஊகத்தைச் சோதிக்கவே விடமாட்டார்களோ, அங்கே நேயரைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

ஒன்றரை நிமிட விதிக்கு வெளியிலிருந்து நல்ல எதிர்ச்சான்று உண்டு. அமெரிக்காவில் 1998 முதல் ஐந்தாண்டுகள், நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களின் செய்திகளைப் பிரித்து மதிப்பிட்டு, பார்வையாளர் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு நடந்தது. நேரம் கொடுத்து, பல தரப்பையும் விசாரித்துச் சொன்ன செய்திகள் பார்வையாளர்களை விரட்டவில்லை, தக்கவைக்கவே உதவின என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று. ஆனால் நீளம் தானாக எதையும் செய்யாது. ஒன்றரை நிமிடச் சரக்கை நான்கு நிமிடத்துக்கு இழுத்தால் விதி சொல்வது போலவே நடக்கும். நாங்களும் பார்த்தோம். அறிவிக்கப்பட்ட கேள்விக்குப் பதில் இன்னும் வராத வரை ஆட்கள் இருந்தார்கள். காட்சி திரும்பத் திரும்ப ஓட ஆரம்பித்த நிமிடத்தில் கிளம்பினார்கள்.

பழைய வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் கூட்டத்தில் தைரியமாகப் பேச முடியும். அமெரிக்காவில் தேசிய மாலைச் செய்தி வெறும் பதினைந்து நிமிடமாகத்தான் இருந்தது. 1963 செப்டம்பரில் முதலில் சிபிஎஸ் தொலைக்காட்சி, ஒரு வாரம் கழித்து அதன் போட்டியாளரான என்பிசி அதை அரை மணி நேரமாக்கின. பிரிட்டனில் ஐடிவி என்ற தனியார் சேனலின் இரவு பத்து மணிச் செய்தி 1967 ஜூலையில் பதின்மூன்று வாரச் சோதனையாக மட்டுமே தொடங்கியது, ஏனென்றால் தினமும் இரவு அரை மணி நேரம் யார் செய்தி பார்ப்பார்கள் என்ற சந்தேகம். அது முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது. 1999 மார்ச்சில் அதே செய்தியை, படங்களையும் தொடர்களையும் இடையில் வெட்ட வேண்டியிருக்கிறது என்று சொல்லி அந்த இடத்திலிருந்து எடுத்தார்கள். செய்திக்கான கூட்டம் குறைந்தது, ஒழுங்காற்று அமைப்பு நெருக்கியது, 2001-ல் பத்து மணிக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குள் 2000 அக்டோபரில் பிபிசி தன் ஒன்பது மணிச் செய்தியைப் பத்துக்கு நகர்த்தி, காலியான நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. 1980 ஜூனில் சிஎன்என் தொடங்கியபோது இருபத்து நான்கு மணி நேரமும் செய்தியா என்று கேலி செய்தார்கள். அப்போதெல்லாம் மறுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. தொழில் நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்கள் வைத்திருந்த எண்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்ததைப் பற்றிய எண்கள்.

சோதனை செய்வதைப் பற்றிச் சில விஷயங்கள், நடைமுறையில் உதவியவை. தொடங்கும் முன்பே, எந்த முடிவு வந்தால் ஊகத்தைக் கைவிடுவோம் என்று எழுதி, கூட்டத்தில் இருப்பவர்களிடம் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு கேட்டால் எல்லாருக்கும் ஒரு விளக்கம் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். புது நேரம், புது ஆள், புது செட் மூன்றையும் சேர்த்து மாற்றினால் என்ன நடந்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் சேனல்களுக்குப் பிடித்த முறை அதுதான், மறுதொடக்கம் என்று விளம்பரம் செய்யலாம் பாருங்கள். தேர்தல், பெரிய விபத்து, பெரிய போட்டி நடக்கும் வாரங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. செவ்வாயைச் செவ்வாயோடுதான் ஒப்பிட வேண்டும். எல்லாவற்றையும்விட, பொறுமை. செய்தி பார்ப்பது பழக்கம். ஒரு நேரத்தில் என்ன கிடைக்கும் என்று நேயருக்குத் தெரியவே சில வாரங்கள் ஆகும். இரண்டாவது வாரத்தில் எண்ணைப் பார்த்து நிறுத்தினால், பழைய பழக்கம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அளந்திருப்பீர்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "இது தவறு சார்" என்று ஆரம்பித்தால் அவுட்புட் தலைவர் தன் பத்து வருட அனுபவத்தைக் காக்க ஆரம்பித்துவிடுவார். அது நியாயம்தான், யாராக இருந்தாலும் அப்படித்தான். எனக்கு எடுபட்ட கேள்வி இது: "சார், இது தப்பாக இருந்தால் நமக்கு எப்படித் தெரியவரும்?" பதில் சொல்ல முடிந்தால் நாம் ஒன்று கற்றுக்கொள்வோம். சொல்ல முடியாவிட்டால் அவரே, "சரி, ஒரு வாட்டி பார்த்துடலாம்பா" என்பார். கூட்டத்தில் கேட்பதைவிட, கூட்டத்துக்கு முன் அவர் அறையில் கேட்பது இன்னும் நல்லது.

நேயர்களிடமே கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்டோம். ஆழமான செய்தி வேண்டும், சண்டை வேண்டாம், விவசாயம் வேண்டும், கல்வி வேண்டும் என்று சொன்னார்கள். வேறு எதை ஒரு அந்நியரிடம் சொல்வார்கள்? அதை அப்படியே நம்பவும் முடியாது, "சொல்றது ஒண்ணு பார்க்கிறது ஒண்ணு" என்று சிரித்து ஒதுக்கவும் கூடாது. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பதை விட்டுவிட்டு, "நேற்று இரவு டிவியை எப்போது அணைத்தீர்கள், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது?" என்று கேட்டபோது பயனுள்ள பதில்கள் வந்தன. பலர் எங்களை விட்டுப் போட்டிச் சேனலுக்குப் போகவில்லை. டிவியையே அணைத்திருந்தார்கள்.

இது எங்கள் கணக்கிலேயே இல்லாத கூட்டம். பங்கு என்ற அளவு, அந்த நேரத்தில் டிவி பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்கிறது. அணைத்துவிட்டுப் போனவர் அதில் வரமாட்டார். இதழியல் ஆய்வு நிறுவனமான ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் பல நாடுகளில் ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பில், செய்தியைச் சில சமயமோ அடிக்கடியோ வேண்டுமென்றே தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017-ல் 29 சதவீதம், 2024-ல் 39 சதவீதம். மனதைப் பாதிக்கிறது, திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறார்கள் என்பவை அடிக்கடி வரும் காரணங்கள். பக்கத்துச் சேனலிடமிருந்து அரைப் புள்ளி பறிப்பதற்காக நாம் செய்யும் காரியம், இரண்டு சேனலையும் சேர்த்து ஒருவரை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கலாம். எங்கள் வாராந்திர அறிக்கையில் அதைக் காட்டும் கட்டமே இல்லை. மொத்தச் செய்திப் பிரிவின் பார்வை நேரம் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். முதல் சில வாரங்கள் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எல்லா ஊகமும் பொய் என்று நினைத்துவிட வேண்டாம். வானிலையைக் கடைசியில் வைப்பது மழைக்காலத்தில் நிஜமாகவே ஆளை நிறுத்தியது, மற்ற நாட்களில் ஒரு வித்தியாசமும் இல்லை. குற்றச் செய்தியைத் தலைப்பாக வைத்தால் முதல் நிமிடம் ஏறும் என்பதும் உண்மை. ஆறாவது நிமிடத்தில் அதன் தடயம் இருக்காது. மதியத்துக்கு அரசியல் வேண்டாம் என்றது தவறு. காலையில் வந்த அறிவிப்பை மதியம் நிதானமாக விளக்கிச் சொன்ன தொகுப்பு நன்றாகவே நின்றது, எடுத்துவிடலாமா என்ற பேச்சே அதன்பின் எழவில்லை. இளைஞர்கள் விஷயத்தில் என்னால் ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. அவர்கள் துண்டு துண்டாக போனில் பார்ப்பது மீட்டருக்குள் வருவதில்லை, யூடியூப் எண்ணையும் டிவி எண்ணையும் கூட்டிச் சொல்வது ஏமாற்று வேலை.

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் சேனலுக்கு உள்ளே இருப்பவர்களாக இருக்க மாட்டீர்கள். வெளியிலிருந்தும் கேட்கலாம். "உங்கள் சேனல் மோசம்" என்று வரும் மின்னஞ்சலுக்கு எந்த மேசையும் பொறுப்பில்லை, அதனால் யாரும் படிப்பதில்லை. தேதி, புல்லட்டின் நேரம், எந்தச் செய்தி, எதை விட்டீர்கள், எந்த இடத்தில் நான் அணைத்தேன் என்று நாலு வரி வந்தால் அது அன்றைய ரன் டவுனோடு, அதாவது செய்திகளின் வரிசைப் பட்டியலோடு, சேர்த்து யாராவது ஒரு தயாரிப்பாளர் மேசைக்குப் போகும். ஒரு செய்தியைப் பாராட்டினாலும் அதே விவரங்களோடு எழுதுங்கள். விரிவான களச் செய்தியை இன்னொரு வாரம் நீட்டிக்க வேண்டும் என்று யாராவது உள்ளே வாதாடிக்கொண்டிருந்தால், அச்செடுத்து மேசை மேல் வைக்க அவருக்கு அது தேவைப்படும். நானே அப்படி வைத்திருக்கிறேன்.